ஏழு வீட்டுச் சீம்பால்

எனக்கு மூக்கு மேல கோபம் வரும். இதை மறைச்சுப் பிரயோஜனம் இல்ல, எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லிடுவாங்க. என் வீட்டுக்காரர் பிரபு மஸ்கட்ல ஏ.சி. மெக்கானிக். நான் போன்ல ‘ஹலோ’ சொல்ற தினுசுலயே அன்னைக்கு வீட்டு நிலவரம் அவருக்குத் தெரிஞ்சிடும். வீட்டுல மொத்தமே மூணு பேர்தான். நான், என் மாமியார் பிரகதாம்பாள், அப்புறம் மல்லிகான்னு ஒரு கலப்பு ஜெர்சி மாடு. மூணு பேர்ல சாதுன்னா அது மல்லிகாதான்.

நான் லேப் டெக்னீஷியன். தஞ்சாவூர்ல மனுசங்க ஆஸ்பத்திரி லேப்ல நாலு வருசம் இருந்தேன். இந்தச் சித்திரையிலதான் டாக்டர் சான்ட்ரா மேடம் நடத்துற கால்நடை லேபுக்கு மாறினேன். மனுசனா இருந்தா என்ன, மாடா இருந்தா என்ன, ரத்தம் ரத்தம்தானேன்னு நெனச்சுத்தான் போனேன். அந்த நெனப்பு எங்க கொண்டு போய் விட்டுச்சுன்னு சொல்றேன், கேளுங்க.

எங்க பக்கம் மாடு கன்னு போட்டா, முதல் ரெண்டு மூணு வேளை மஞ்சளா, கெட்டியா வர்ற சீம்பாலைக் கறந்து, வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில வேக வச்சு, கிண்ணம் கிண்ணமா அக்கம்பக்கம் கொடுக்கணும். கொடுத்தே ஆகணும்னு சட்டம் ஒண்ணும் கிடையாது. கொடுக்காம இருந்து பாருங்க, அப்பத் தெரியும். எங்களுக்கு ஏழு வீடு. அந்த ஏழு வீட்டு மாடும் கன்னு போட்டப்ப நமக்குக் கிண்ணம் வந்துச்சு, அதனால நம்ம மாடு போட்டா அங்க போகணும். முதல் வீடு சுவத்துக்கு அந்தப் பக்கம் சாவித்திரி அக்கா. கடைசி வீடு நாகூர்லேர்ந்து வந்து இருபது வருசமா இங்கயே இருக்கிற சைத்தூன் பீவி.

போன வருசம் மல்லிகா ஒரு கிடேரிக் கன்னு போட்டுச்சு. ஏழு வீட்டுக்கும் கிண்ணம் போச்சு. ஒன்பதாம் நாள் அந்தக் கன்னு கழிச்சல் கண்டு செத்துப்போச்சு. அத்தை ஒரு வாரம் கொட்டகைப் பக்கமே போகல, நான்தான் தண்ணி காட்டினேன். ஏதோ நேரம் சரியில்லன்னு எல்லாரும் விட்டுட்டோம்.

இந்த வருசம் லேப்ல சேர்ந்த பிறகு ஒரு நாள் சான்ட்ரா மேடம் பேச்சுவாக்குல சொன்னாங்க. பொறந்த கன்னுக்குச் சொந்தமா எதிர்ப்புச் சக்தி கிடையாதாம். முதல் நாள் மட்டும் குடல் திறந்த கதவா இருக்குமாம், சீம்பால்ல இருக்கிற சத்து அப்படியே ரத்தத்துல போய்ச் சேருமாம். மறுநாள் கதவு சாத்திக்குமாம். அப்புறம் குடம் குடமாக் குடுத்தாலும் அந்தச் சத்து ரத்தத்துக்குப் போகாதாம்.

கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். நானா? பஸ்ஸை விட்டு இறங்கி நேரா வந்து, வாழைப்பூ ஆய்ஞ்சுக்கிட்டு இருந்த அத்தைக்கிட்ட சொல்லிட்டேன். “போன வருசம் கன்னைக் கொன்னது கழிச்சல் இல்ல அத்தை. உங்க ஏழு வீட்டுப் பெருமைதான் கொன்னுச்சு.”

அத்தை அந்த வாழைப்பூவை முழுசா ஆய்ஞ்சு முடிச்சாங்க. அன்னைக்குச் சாப்பிடல. எனக்கே சங்கடமாப் போச்சு, ஆனா கொட்டின வார்த்தையை எங்க போய் அள்ளுறது? மறுநாள் காலையில காபி டம்ளரை என் முன்னாடி வச்சுட்டு, “இந்தத் தடவை கன்னுக்குத்தான் முதல்ல”ன்னாங்க. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

ஆடி மாசம், ஒரு திங்கக்கிழமை காலையில மல்லிகா வாலைத் தூக்கிக்கிட்டு நிலைகொள்ளாம நின்னுச்சு. எனக்கு லீவு கிடையாது, மேடம் பேராவூரணிப் பக்கம் ரெண்டு நாள் முகாமுக்குப் போயிட்டாங்க, லேப்பை நான்தான் திறக்கணும். பஸ் ஏறுறதுக்கு முன்னாடி பத்து தடவை சொன்னேன். “முதல் ஆறு மணி நேரம் கன்னுக்கு மட்டும்தான் அத்தை.” அவங்களும் பத்து தடவை “சரி” சொன்னாங்க. பதினோரு மணிக்குப் போன் வந்துச்சு. கிடேரிக் கன்னு, நெத்தியில வெள்ளைச் சுட்டி. எனக்கு லேப்ல இருப்பே கொள்ளல.

சாயந்தரம் தெருமுனையில இறங்கினா சாவித்திரி அக்கா வழியை மறிச்சாங்க. “பூவிழி, இந்த வருசச் சீம்பால் மாதிரி நான் என் ஆயுசுல சாப்பிட்டதில்லடி. வாயில வச்சா கரையுது. உங்க மாமியார் கைக்கு என்ன போடலாம்?”

எனக்கு உச்சந்தலையில சுர்ருன்னு ஏறிச்சு. வீட்டுக்குப் போற வழியில எண்ணிப் பார்த்தேன். ஏழு வீட்டு வாசல்லயும் எங்க வீட்டு எவர்சில்வர் கிண்ணம் கழுவிக் கவுத்தியிருக்கு. ஏழும் போயிருக்கு. நேரா கொல்லைக்குப் போனேன்.

“கன்னு குடிச்சுதா?”

“எல்லாத்தையும் கன்னுதான் குடிச்சுது.”

“அப்ப ஏழு வீட்டுக்கும் போனது என்ன?”

“அதுவும் போச்சு.”

“நம்ம மாட்டுக்கு எத்தனை மடி அத்தை?”

அத்தை சுவத்தைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, துடைப்பத்தை எடுத்துக்கிட்டு கொட்டகையைக் கூட்ட ஆரம்பிச்சாங்க. “ஃப்ரிட்ஜுல உனக்கு ஒரு கிண்ணம் வச்சிருக்கேன். சாப்பிட்டுப் பாரு”ன்னாங்க. நான் சாப்பிடுவேனா? கன்னு வாயிலேர்ந்து பிடுங்கினதை நான் தொட மாட்டேன்னு சொல்லிட்டு, கதவைக் கொஞ்சம் பலமாவே சாத்தினேன். பிரபுவுக்குப் போன் போட்டு அம்மாவைப் பத்தி இருபது நிமிசம் புகார் சொன்னேன். அவர் “ம்”, “ம்”னு கேட்டுட்டு, கன்னு என்ன கலர்னு கேட்டாரு. என் ஆத்திரம் அவருக்கு எங்க புரியப் போகுது?

செவ்வாய்க்கிழமை காலையில கன்னு சுருண்டு படுத்திருந்துச்சு. என் கண்ணுக்கு அது சோர்வாத் தெரிஞ்சுது. போன வருசத்துக் கன்னும் இப்படித்தான் படுத்துச்சு. இதுவும் போச்சுன்னா அத்தை தாங்க மாட்டாங்க, அந்தக் கோபத்துலயும் அது எனக்குத் தெரியும். எதுன்னாலும் முன்னாடியே கண்டுபிடிச்சிடணும்னு ரத்தம் எடுக்க ஊசியோட வந்தேன். எதுக்குன்னு கூட கேட்காம அத்தை கன்னோட தலையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ரத்தத்தை ஐஸ் டப்பாவுல வச்சு லேபுக்கு எடுத்துட்டுப் போனேன்.

ரிப்போர்ட்ல மத்ததெல்லாம் பரவாயில்ல. ஜி.ஜி.டி.ன்னு ஒரு நொதி இருக்கு. மனுசங்க லேப்ல அது எகிறினா ஈரலைத்தான் முதல்ல சந்தேகப்படுவோம், பாதிப் பேர் குடிச்சுக் கெட்டவங்களா இருப்பாங்க. மாட்டுக்கு முப்பது சொச்சம் வரைக்கும் சரின்னு மெஷினே பக்கத்துல அடிச்சுக் கொடுக்கும். எங்க கன்னுக்கு ஆயிரத்து இருநூத்திப் பத்து. மெஷின் கோளாறோன்னு திரும்பப் போட்டேன். ஆயிரத்து இருநூறு. பொறந்து ஒரு நாள் ஆன கன்னுக்கு, நாப்பது வருசம் குடிச்சவன் ஈரல்.

மேடத்துக்குப் போன் போட்டா எடுக்கல, தென்னந்தோப்புக்குள்ள போயிட்டா அவங்களுக்கு டவரே கிடைக்காது. ரிப்போர்ட்டை வாட்ஸப்ல அனுப்பினேன், ஒத்த டிக்கோட நின்னுச்சு. வேற டாக்டர் யாரையாவது கேட்டிருக்கலாம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. வீட்டுக்குப் போன் போட்டேன்.

“அத்தை, கன்னுக்கு ஈரல் போயிடுச்சு. காமாலை. பாலை உடனே நிறுத்துங்க, கொழுப்பு ஆகாது.”

“பால் இல்லாம கன்னு என்னம்மா குடிக்கும்?”னு கேட்டாங்க.

“கீழாநெல்லி அரைச்சு, வெண்ணெய் எடுத்த மோர்ல கலந்து ஊத்துங்க. மனுசங்களுக்கு அதானே பத்தியம்?”

“சரி”ன்னாங்க.

அன்னைக்குச் சாயந்தரம் நேரா கொட்டகைக்குப் போனேன். கன்னுக்கு வாய்க்கூடை போட்டு, தாய்கிட்ட போகாதபடி கொட்டகையோட இந்த மூலையில கட்டியிருந்தாங்க. அது கத்துது. அந்த மூலையிலேர்ந்து மல்லிகா பதில் கத்துது. மடி கல்லாட்டம் இருக்கு, அத்தை கறந்து பாரத்தை இறக்கிட்டு வந்து உக்காந்தாங்க. நாளைக்குச் சாகப்போற கன்னுன்னு எனக்கு அழுகை, அழுகை வந்தா எனக்குக் கோபமும் சேர்ந்து வரும். “நேத்தே ஒழுங்காக் குடுத்திருந்தா இன்னைக்கு இந்த நிலைமை வருமா?”ன்னு கேட்டேன். அத்தை ஏதோ சொல்ல வாயைத் திறந்தாங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம் சாவித்திரி அக்கா பாத்திரம் கழுவுற சத்தம் கேட்டுச்சு. திறந்த வாயை மூடிக்கிட்டாங்க.

புதன்கிழமை பத்து மணிக்கு மேடம் லேபுக்குள்ள வந்தாங்க. முகமெல்லாம் வெயில்ல கறுத்து, கையில ஒரு சாக்கு நிறைய தேங்காய். நான் ரிப்போர்ட்டை நீட்டிட்டு அழ ஆரம்பிச்சுட்டேன். அவங்க அதைப் பார்த்துட்டுச் சிரிச்சாங்க. எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சு.

“பூவிழி, இது என்ன, எத்தனை வயசு?”

“கன்னுக்குட்டி மேடம். எங்க வீட்டுது. திங்கக்கிழமை பொறந்துச்சு, செவ்வாய் காலையில எடுத்த ரத்தம்.”

“அப்புறம் எதுக்கு அழற? இந்த மெஷினுக்கு மாடுதான் தெரியும், கன்னு தெரியாது. சினை மாட்டுக்கு ஒரு அளவு, ஈன்ற மாட்டுக்கு ஒரு அளவு, எலும்பு வளர்ற கன்னுக்கு வேற அளவு. உடம்புல ஹார்மோன் மாறுனா, நிலைமை மாறுனா, ரத்தத்துல நொதியும் மாறும். வெறும் நம்பரைப் பார்த்தா ஊர்ல பாதி மாடு நோயாளியாத்தான் தெரியும்.”

“ஆயிரத்து இருநூறு மேடம்.”

“இரு, சொல்றேன். ஈனுறதுக்கு முன்னாடி மாட்டுக்கு ஹார்மோன் மாறி மடியில சீம்பால் கட்டும்ல? அந்தச் சீம்பால்ல இந்த ஜி.ஜி.டி. கொட்டிக் கிடக்கும். முதல் நாள் கன்னோட குடல் திறந்திருக்கும்னு சொல்லியிருக்கேன்ல? சத்து போற அதே வழியில இதுவும் ரத்தத்துக்குப் போயிடும். இந்த வயசுல முப்பதுன்னு வந்திருந்தா நான் பயந்திருப்பேன், கன்னு சீம்பாலே குடிக்கலன்னு அர்த்தம். இது வயிறு முட்டக் குடிச்ச கன்னு. நேரத்துக்குக் குடிச்ச கன்னு. யாரு ஊட்ட விட்டது?”

“எங்க அத்தை”ன்னேன்.

“அவங்களுக்கு ஒரு சால்வை போடணும்”னாங்க மேடம்.

“மேடம், நேத்துப் பகல்லேர்ந்து நான் பாலை நிறுத்தி வச்சிருக்கேன்.”

அவங்க சிரிப்பு நின்னு போச்சு. மேசையிலேர்ந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்து என் கையில வச்சாங்க. “ரெண்டு நாள் கன்னு, இருபத்திரெண்டு மணி நேரப் பட்டினி. இங்க நின்னு என்னத்தைப் பேசிட்டு இருக்க, போ.”

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு எங்க அப்பா என்னை வச்சுத்தான் சொல்லுவாரு. தஞ்சாவூர்லேர்ந்து திருவையாறு தாண்டி எங்க ஊருக்கு அஞ்சு ஆத்துப் பாலம். வடவாத்துப் பாலத்துல நிறுத்தி அத்தைக்குப் போன் போட்டேன், எடுக்கல. வெண்ணாறு, வெட்டாறு. எடுக்கல. குடமுருட்டியில லாரி ஒண்ணு குறுக்க நின்னுச்சு, அந்த டிரைவரை நான் கேட்ட கேள்விக்கு அவர் இன்னும் பதில் யோசிச்சுக்கிட்டு இருப்பாரு. காவிரியில ஆடித் தண்ணி ரெண்டு கரையும் தொட்டு ஓடுது, ஜனங்க நின்னு வேடிக்கை பார்க்குறாங்க. எனக்கு அந்தக் கன்னோட நெத்திச் சுட்டி மட்டும்தான் கண்ணுல நின்னுச்சு. நான் சொல்லித்தானே அது பட்டினி கிடக்குது. போன வருசக் கன்னுக்கு அத்தையைக் கொலைகாரி ஆக்கினேன், இந்த வருசக் கன்னுக்கு அது நான்.

கொல்லைக்கு ஓடினா, அத்தை கன்னோட தலையை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. பக்கத்துல அம்மியில அரைச்ச கீழாநெல்லி, மோர்க் கிண்ணம், ஊத்துறதுக்கு மூங்கில் குழாய். கன்னுக்குக் கத்தவும் தெம்பு இல்ல, கண்ணு மட்டும் அசைஞ்சுது. அத்தை முகம் அழுது வீங்கியிருந்துச்சு.

“ஒரு சொட்டுப் பால் காட்டலம்மா. நீ சொன்னபடிதான் செஞ்சேன்”னாங்க.

நான் வாய்க்கூடையை அவுத்தேன். “தூக்குங்க அத்தை”ன்னேன். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக் கன்னைத் தூக்கி மல்லிகாகிட்ட கொண்டு போனோம். கால் நிக்கல, பின்னிக்குது. காம்பை வாயில வச்சா நழுவிடுது. அத்தை கையில கொஞ்சம் பீச்சி அதோட நாக்குல தடவினாங்க. மறுபடி வச்சோம். மறுபடி நழுவுது. மல்லிகா திரும்பி அதோட முதுகை நக்கிக் கொடுத்துச்சு. நாலாவது தடவை கன்னு பிடிச்சுக்கிச்சு. முதல்ல மெதுவா, அப்புறம் மடியை முட்டி முட்டி. வாலு ஆட ஆரம்பிச்சப்புறம்தான் நான் மூச்சு விட்டேன். முழங்கால் சாணியில கிடக்குறது அப்பத்தான் தெரிஞ்சுது.

“ஈரல் போச்சுன்னியே?”

“போகல அத்தை. நான் தப்பாப் படிச்சுட்டேன்.”

“ரத்தம் என்னதான் சொல்லுச்சு?”

“நீங்க சொன்னதைத்தான் சொல்லுச்சு. எல்லாத்தையும் கன்னுதான் குடிச்சுதுன்னு.”

அத்தை கன்னு குடிக்கிறதையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. கோபமாச் சொல்லல. அவங்களுக்கு என்னை மாதிரி கோபப்படத் தெரியாது. “நான் சொன்னதை நம்ப உனக்கு ரத்தம் வேண்டியிருந்துச்சு. நீ சொன்னதை நம்ப எனக்குப் போன் போதும்மா”ன்னாங்க.

கல்யாணமாகி வந்த நாலு வருசத்துல முதல் தடவையா அவங்க முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். “சாணிக்கையால புடவையைத் தொடாத”ன்னு மட்டும் சொன்னாங்க.

கன்னு குடிச்சு முடிச்சுப் படுத்தப்புறம் கேட்டேன். “அப்ப ஏழு வீட்டுக்கும் போனது என்ன அத்தை?”

அத்தை சுவத்தைப் பார்த்தாங்க. அந்தப் பக்கம் சத்தம் இல்லன்னு உறுதிப்படுத்திக்கிட்டு, கிட்ட வந்து காதுல சொன்னாங்க. சைத்தூன் பீவி நோன்புக்குக் காய்ச்சுவாங்களே, சைனா கிராஸ்ங்கிற கடல்பாசி. அதைத்தான் பாக்கெட் பால்லயும் பால் பவுடர்லயும் காய்ச்சி, வெல்லமும் ஏலக்காயும் ஒரு சிட்டிகை மஞ்சளும் போட்டு ஆற வச்சு, கிண்ணத்துல கட்டியாக்கியிருக்காங்க. அத்தையும் பீவியும் முந்தின நாளே பேசி வச்சிருக்காங்க. ஏழாவது கிண்ணத்தைக் காய்ச்சிக் கொடுத்த பீவிக்கே கொடுத்திருக்காங்க, கணக்குத் தப்பக் கூடாதுன்னு.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“நீ கத்துற கத்துக்கு எங்கேர்ந்து சொல்றது? சாவித்திரி காது இந்தச் சுவத்துலதான் இருக்கு. சாப்பிட்டுப் பார்த்தா உனக்கே தெரியும்னுதான் ஃப்ரிட்ஜுல வச்சேன்.”

“கொடுக்காமலே இருந்திருக்கலாம்ல?”

“படிச்ச மருமக வந்தா, மாமியா கையை மூடிட்டான்னு உன்னைத்தானே பேசுவாளுங்க?”

உள்ள போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். என் கிண்ணம் திங்கக்கிழமை வச்ச இடத்துலயே மூடி இருந்துச்சு. ஒரு வாய் வச்சேன். சீம்பாலாவது ஒண்ணாவது, நல்ல நோன்புக் கடல்பாசி. அன்னைக்கே இந்த ஒரு வாயைச் சாப்பிட்டிருந்தா ஊசியும் வேணாம், மெஷினும் வேணாம், கன்னு பட்டினி கிடந்திருக்கவும் வேணாம். கொல்லைப்படியில அத்தை பக்கத்துல உக்காந்து, அவங்களுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய்னு காலி பண்ணினோம்.

கடைசி வாய் இருக்கும்போது சுவத்துக்கு மேல சாவித்திரி அக்கா தலை தெரிஞ்சுது. “பூவிழி, சாயந்தரம் என் பொண்ணு வர்றா. அந்தச் சீம்பால் இன்னும் ஒரு கிண்ணம் தேறுமா?”

அத்தை என் முகத்தைப் பார்த்தாங்க. நான் கிண்ணத்தை முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டு எழுந்தேன்.

“இல்லக்கா. எல்லாத்தையும் கன்னுதான் குடிச்சுது.”